எஞ்சிய மதில்கள்: சப்பிரகமுவைக் கோட்டைகள் பற்றிய ஒரு நோக்கு

கோட்டை என்னும் சொல் தமிழருக்குப் புதியதன்று. திருக்குறளில் அரணுக்கெனத் தனி அதிகாரம் உண்டு. நீர், நிலம், மலை, காடு ஆகிய நான்கையும் அரணாகக் கொள்வது நமது பண்டைய மரபு. இலங்கை வரலாற்றிலோ ஓர் இராச்சியமே ‘கோட்டை’ என்னும் பெயரால் வழங்கியது. 14ஆம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் படையெழுச்சியைத் தடுக்கும் பொருட்டு அழகக்கோனார் எழுப்பிய அரணே பிற்காலத்தில் அந்த இராச்சியத்தின் தலைநகராயிற்று. எனினும், கோட்டை என்றதும் இன்றைய மாணவர் மனத்தில் எழுவன காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை முதலிய கரையோரக் கோட்டைகளே. உள்நாட்டின் சிறு கோட்டைகள் நமது பாடநூல்களில் ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுகின்றன.

யான் பிறந்து வளர்ந்தது இரத்தினபுரி மாவட்டத்துக் கொடகவெலவை அடுத்துள்ள ஓர் இறப்பர்த் தோட்டத்தில். பல்கலைக்கழகத்தில் வரலாற்றை ஒரு பாடமாகக் கற்கத் தொடங்கிய பின்னரே, எமது ஊரைச் சூழ இத்தனை பழைய அரண்கள் இருந்தன என்பதை அறிந்தேன். கடந்த நீண்ட விடுமுறையில் அவற்றுட் சிலவற்றை நேரிற் சென்று பார்த்தேன். கட்டுவனைக் கோட்டைக்குச் சென்றபோது என் தாத்தாவும் உடன் வந்தார். நாற்பது ஆண்டுகள் பால் வெட்டிய கை அவருடையது. ஒல்லாந்தர் கட்டிய கருங்கற் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரேயொரு கேள்விதான்: “இம்புட்டுக் கல்லையும் சுமந்தவங்க எங்கப்பா படுத்துக் கிடந்தாங்க?”

யான் படித்த நூல்கள் எவற்றிலும் அதற்கு உடனடி விடை இருக்கவில்லை. கோட்டையைக் கட்டியவர் யார், வென்றவர் யார், தோற்றவர் யார் என்பனவற்றையே நாம் கற்கின்றோம். அவருடைய வினாவை மனத்திற் கொண்டு சப்பிரகமுவைக் கோட்டைகளையும் அவற்றின் எச்சங்களையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லைப்புறமாகிய சப்பிரகமுவை

இன்று இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் உள்ளடக்கிய சப்பிரகமுவை, மூன்று நூற்றாண்டுக் காலம் எல்லைப்புறமாகவே விளங்கியது. மேற்கே கரையோரம் முதலிற் போர்த்துக்கேயர் வசமும், 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் ஒல்லாந்தர் வசமும் இருந்தது. கிழக்கே மலைகளுக்கு அப்பால் கண்டி இராச்சியம் இருந்தது. இடைப்பட்ட இந்நிலத்தில் இரத்தினக்கல், பாக்கு, கறுவா, யானை ஆகிய நால்வகைச் செல்வமும் இருந்தன. களனி கங்கையும் களு கங்கையும் இச்செல்வத்தைக் கடலுக்குக் கொண்டு செல்லும் வழிகளாயின. எனவே, கரையை ஆண்டவர் உட்புகுவதற்கும், மலையை ஆண்டவர் அவரைத் தடுப்பதற்கும் இந்நிலமே களமாயிற்று.

இரு தரப்பினரின் அரண்களும் ஒரே தன்மையின அல்ல. கண்டியர் கணவாய்களில் முட்கதவுகளை அமைத்து, அவற்றுக்கு அப்பால் காட்டையும் மலையையுமே காவலாகக் கொண்டனர். குறள் கூறும் காட்டரணும் மலையரணும் இவையே. ஐரோப்பியர் முதலில் மண்மேடும் மரவேலியும் கொண்டு பாசறைகளை அமைத்தனர். வேண்டிய இடங்களிற் கல்லாற் கட்டினர். கேகாலை மாவட்டத்து மெனிக்கடவரை போர்த்துக்கேயப் படையின் முதன்மையான உள்நாட்டுத் தளமாக விளங்கியது. கண்டிமீது படையெடுத்த தளபதிகள் பலர் அங்கிருந்தே புறப்பட்டனர். அத்தகைய தளத்தின் பெயரைக்கூட இன்று அவ்வழியே பேருந்திற் செல்பவர் பலர் அறியார். மண்ணாலானவை மண்ணோடு கலந்துவிட்டன. கல்லாலானவற்றுள்ளும் சிலவே எஞ்சின. அவை எஞ்சிய விதம் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றது.

சீதாவாக்கை: இடிக்கப்பட்ட தலைநகர்

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்கு வரும் நெடுஞ்சாலையில் சப்பிரகமுவையின் வாயிலாக அமைந்தது அவிசாவளை. இதுவே பழைய சீதாவாக்கை. 1521இல் கோட்டை மன்னன் ஆறாம் விஜயபாகுவைக் கொன்று, அவன் மைந்தர் மூவரும் இராச்சியத்தைப் பங்கிட்டபோது, இளையவனாகிய மாயாதுன்னை சீதாவாக்கையைத் தலைநகராகக் கொண்டான். அவன் மகன் முதலாம் இராசசிங்கன் காலத்தில் அதன் ஆட்சி உச்சநிலை எய்தியது. முல்லேரியாப் போரிற் போர்த்துக்கேயரை முறியடித்தவனும், 1587-88இல் கொழும்புக் கோட்டையை நெடுநாள் முற்றுகையிட்டவனும் இவனே.

சீதாவாக்கையின் வரலாற்றிலே தமிழர்க்கும் ஓர் இடமுண்டு. இராசசிங்கனின் அவையில் செல்வாக்குப் பெற்றிருந்த அரிட்டகீவெண்டு பெருமாள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவன். இராசசிங்கன் சைவநெறியைத் தழுவினான் என்றும், சிவனொளிபாதமலையின் பொறுப்பை ஆண்டிகளிடம் ஒப்படைத்தான் என்றும் சூளவம்சம் குறைகூறுகின்றது. சீதாவாக்கை ஆற்றங்கரையில் இன்றும் காணப்படும் பெரெண்டி கோயில் இம்மன்னனோடு தொடர்புபடுத்தப்படுவது. பைரவர் பெயரே அவ்வாறு மருவிற்று என்பர். முற்றுப்பெறாத அக்கோயிலின் கருங்கல் அடித்தளமும், அதில் உளியாற் செதுக்கப்பட்ட தென்னிந்தியப் பாணி வரிகளும் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன.

ஆனால், அரண்மனையோ அத்திவாரத்தளவில் நின்றுவிட்டது. 1551இல் போர்த்துக்கேயப் பதிலரசன் நொறொஞ்ஞா தலைமையில் வந்த படை நகரைச் சூறையாடியது. 1593இல் இராசசிங்கன் இறந்ததும் இராச்சியமே குலைந்தது. பின்னர் ஒல்லாந்தர் இவ்விடத்தில் ஒரு சிறு கோட்டையை அமைத்தனர். ஒருவருடைய அரண் இடிந்த மண்ணிலேயே மற்றொருவருடைய அரண் எழுந்து, அதுவும் காலப்போக்கிற் சிதைந்தது. சீதாவாக்கை தானாக அழிந்த நகரன்று. மனிதர் கையால் அழிக்கப்பட்ட நகர். எஞ்சியவற்றுள் மிகச் சிறந்தது கட்டி முடிக்கப்படாத கோயிலே என்பது வியப்புக்குரியது.

சமன் தேவாலயத்துக் கல்

இரத்தினபுரி நகருக்கு மேற்கே சில கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ளது மகா சமன் தேவாலயம். சிவனொளிபாதமலையின் காவற் தெய்வமாகச் சிங்கள பௌத்தர் வணங்கும் சமன் தெய்வத்தின் தலைமைக் கோயில் இது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் இத்தேவாலயத்தைக் கைப்பற்றி, அவ்விடத்தைத் தமது அரணாக்கினர். பின்னர் அவர்கள் விரட்டப்பட, தேவாலயம் மீண்டும் எழுந்தது.

கோயில் கோட்டையான இக்கதை தமிழருக்கு அந்நியமானதன்று. 1621இல் பிலிப் தெ ஒலிவேறா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தான். அதன் கற்கள் யாழ்ப்பாணக் கோட்டைக்குப் பயன்பட்டன என்பது நெடுநாள் வழங்கும் செய்தி. அதே 1620களில் கொன்ஸ்தந்தீனு தெ சா திருக்கோணேச்சரத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு திருகோணமலைக் கோட்டையைக் கட்டினான். அக்கோட்டை வாயிற் கல்லில் மீன் இலச்சினையும் தமிழ்க் கல்வெட்டும் இன்றும் காணப்படுகின்றன. கட்டியவன் வாயிலுக்கு ஒரு கல் என்றே அதை வைத்தான். இன்று அக்கல்லே அவன் இடித்ததற்குச் சாட்சியாக நிற்கின்றது.

சமன் தேவாலயத்திலுள்ள சாட்சி இதனினும் வேறுபட்டது. அங்கே பேணப்படும் ஒரு கற்பலகையில், கவசமணிந்த போர்த்துக்கேய வீரன் ஒருவன் வாளை ஓங்கியவாறு, வீழ்ந்து கிடக்கும் சிங்கள வீரன் ஒருவனை மிதித்து நிற்பதாகச் செதுக்கப்பட்டுள்ளது. மிதிப்பவன் சிமாவோ பிஞ்ஞாவோ என்னும் தளபதி எனவும், வீழ்ந்தவன் குருவிட்ட ரால எனவும் மரபாகக் கூறுவர். குருவிட்ட ரால ஒரு காலத்தில் அந்தோனியோ பரேட்டோ என்னும் பெயருடன் போர்த்துக்கேயர் பக்கம் நின்றவன். பின்னர் அவர்களை எதிர்த்து நெடுங்காலம் போராடியவன்.

இப்பலகை வெற்றி பெற்றவர் தமது பெருமைக்காகச் செய்வித்தது. தேவாலயத்தை மீட்டவர்கள் அதனை உடைத்தெறிந்திருக்கலாம். அதற்குக் காரணமும் இருந்தது. ஆயினும் அது உடைக்கப்படவில்லை. எவரை அது இழிவுபடுத்திற்றோ அவர்தம் வழித்தோன்றல்களின் கோயிலிலேயே அது இன்றும் இருக்கின்றது. யான் சென்றிருந்த வேளையில், தன் சிறு மகனுக்கு அதைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார் ஒரு தந்தை. தோல்வியின் சின்னத்தை மறைக்காது, அதனையே பாடமாக்கிக் கொள்ளும் அப்பண்பு பாராட்டுக்குரியது. ஓர் எச்சம் நிலைப்பது கல்லின் வலிமையால் மட்டும் அன்று, பின்வந்தோரின் தீர்மானத்தாலும்தான் என்பதை யான் அங்கே உணர்ந்தேன்.

கட்டுவனை: கைவிடப்பட்டதால் எஞ்சியது

கொடகவெலவிலிருந்து எம்பிலிப்பிட்டிய வழியாக மித்தெனியவை அடைந்து, அங்கிருந்து செல்லக்கூடியது கட்டுவனை. இன்று அது அம்பாந்தோட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. எனினும், சப்பிரகமுவைக்குத் தெற்கே ஓடிய அதே எல்லைக் கோட்டின் தொடர்ச்சியே அது. மாத்தறைப் பகுதியின் கறுவா நிலங்களைக் கண்டிப் படைகளிடமிருந்து காப்பதற்கு ஒல்லாந்தர் உள்நாட்டில் நிறுவிய காவலரண்களுள், கல்லுருவில் நன்கு எஞ்சியிருப்பது இதுவே எனலாம்.

காலிக் கோட்டையைக் கண்டவர்க்கு இது ஒரு கோட்டையாகவே தோன்றாது. சிறியதொரு நாற்கோணம்; எதிரெதிரான இரு மூலைகளில் மட்டும் கொத்தளங்கள்; உள்ளே கட்டடங்களின் அத்திவாரங்கள். நான்கு மூலைகளுக்கும் கொத்தளம் எழுப்பாமல் இரண்டோடு நிறுத்தியது செலவைக் குறைக்கும் உத்தி. ஒவ்வொரு கொத்தளத்திலிருந்தும் இரு பக்கச் சுவர்களைக் காவல் செய்யலாமாதலின், இரண்டே நான்கு சுவர்களுக்கும் போதுமானவை. வணிகக் கொம்பனியின் கணக்குப் புத்தி கல்லிலும் வெளிப்படுவதை இங்கே காணலாம்.

1761இல் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கனின் படைகள் ஒல்லாந்தருக்கு எதிராகக் கிளர்ந்தபோது கட்டுவனை வீழ்ந்தது. மதுரை நாயக்கர் வழிவந்த அம்மன்னனின் படைகளிடம் அதே ஆண்டில் மாத்தறையும் வீழ்ந்தது. மாத்தறையை மீட்ட ஒல்லாந்தர் அங்கே நட்சத்திர வடிவிலான புதிய கோட்டையை எழுப்பினர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வாயிலாகக் கரையோரம் முழுவதையும் தமதாக்கிக்கொண்டனர். கட்டுவனையோ கைவிடப்பட்டது. அதன்மேல் நகரம் எழவில்லை. சிறைச்சாலையோ கச்சேரியோ அமையவில்லை. எவருக்கும் வேண்டாததாய்ப் போனமையாலேயே அது பிழைத்துக்கொண்டது. காடு மூடிக் காத்ததைப் பிற்காலத்தில் தொல்பொருளியல் திணைக்களம் பொறுப்பேற்றது.

யப்பானியக் கோட்டைகள் தரும் பாடம்

இவ்விடத்தில் யப்பானியர் தமது கோட்டைகளை நடத்திய விதத்தை ஒப்புநோக்குவது பயனுடையது. 1615இல் தொக்குகாவா அரசு, ஒரு சிற்றரசனுக்கு ஒரு கோட்டையே என ஆணையிட்டு ஏனையவற்றை இடிப்பித்தது. மெய்ஜி ஆட்சி மலர்ந்த பின்னர், 1873ஆம் ஆண்டுக் கட்டளையின்படி எஞ்சியவற்றுட் பலவும் விற்கப்பட்டும் உடைக்கப்பட்டும் அழிந்தன. இரண்டாம் உலகப் போரின் குண்டுகள் மேலும் சிலவற்றை எரித்தன. இன்று பழைய மரக் கோபுரத்தோடு நிலைத்திருப்பவை பன்னிரண்டே. அவற்றுட் சிறந்ததாகிய ஹிமேஜி 1993இல் உலக மரபுரிமைச் சின்னமாயிற்று.

அழிந்தவற்றைக் குறித்து அவர்கள் மேற்கொண்ட வழிகள் பல. ஒசாக்கா நகர மக்கள் நன்கொடை திரட்டி, 1931இல் கொங்கிறீற்றினால் கோபுரத்தை மீள எழுப்பினர். வெளியே பழைய தோற்றமும் உள்ளே நூதனசாலையுமாக விளங்கும் அது உண்மையான எச்சமாகுமா என்ற விவாதம் அங்கும் உண்டு. 2016இல் நிலநடுக்கத்தால் குமமோத்தோக் கோட்டையின் மதில்கள் சரிந்தபோதோ, விழுந்த கற்களுக்கு இலக்கமிட்டு, பழைய நிழற்படங்களோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்திலேயே திரும்ப வைக்கும் பணி தொடங்கப்பட்டது. பல பத்தாண்டுகள் நீளும் பணி அது.

நமது நாட்டிலும் இதற்கு நிகரான தேவை எழுந்தது. யாழ்ப்பாணத்து ஐங்கோணக் கோட்டை 1990ஆம் ஆண்டு முற்றுகையிலும் தொடர்ந்த போரிலும் சிதைந்தது. 1706இல் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயம் அதனுள்ளே தரைமட்டமாயிற்று. போர் முடிந்தபின் நெதர்லாந்தின் உதவியுடன் மதில்கள் புதுப்பிக்கப்பட்டன.

ஒசாக்கா மதிற் கற்களிற் பலவற்றில் சிறு குறிகள் செதுக்கப்பட்டுள்ளன. எந்தச் சிற்றரசனின் ஆட்கள் எக்கல்லைக் கொணர்ந்தனர் என்பதைக் காட்டுவன அவை. கல்லைத் தந்த தலைவனின் குறி அங்கே உண்டு. அதைச் சுமந்தவனின் பெயர் அங்கும் இல்லை.

சுமந்தவர் யார்?

இனித் தாத்தாவின் வினாவுக்கு வருவோம். இந்நாட்டுக் கோட்டைகளைக் கட்டியவர் ஒரே வகுப்பினர் அல்லர். சிங்கள மன்னர் காலத்து இராசகாரிய முறையை ஐரோப்பியர் தமக்கேற்பப் பயன்படுத்திக்கொண்டனர். நிலம் பெற்றவன் அதற்கீடாக உழைப்பைத் தரல் வேண்டும் என்பது அம்முறை. தமிழ்ப் பகுதிகளில் ‘ஊழியம்’ என வழங்கிய கட்டாய வேலை, அச்சொல்லோடே ஒல்லாந்தரின் ஏடுகளிற் புகுந்தது. இவற்றுக்கும் அப்பால் அடிமைகளும் இருந்தனர். 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியைப் பஞ்சமும் போரும் வாட்டியபோது, சோழமண்டலக் கரையிலே விலைக்கு வாங்கப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழரை ஒல்லாந்தர் இலங்கைக்குக் கப்பலேற்றினர். வயல்களிலும் கட்டட வேலைகளிலும் அவர்களுடைய உழைப்புப் பயன்பட்டது. கோப்பிக்காக 1820களில் வரத் தொடங்கிய எம் முன்னோருக்கு நூற்றறுபது ஆண்டுகள் முன்னரே, அதே கரையிலிருந்து, அதே பசியின் காரணமாக வந்தவர்கள் அவர்கள்.

அவர்கள் எங்கே படுத்தார்கள்? கொழும்பைப் பொறுத்தவரை இதற்கு விடை உண்டு. கோட்டைக்குள் பகலெல்லாம் வேலை செய்த கொம்பனியின் அடிமைகள், இரவில் ஏரியைக் கடந்து அப்பாலுள்ள நிலத்திற்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே அடைக்கப்பட்டனர். ஆங்கிலத்தில் அடிமைத் தீவு எனவும், தமிழிற் கொம்பனித்தெரு எனவும் அவ்விடம் பெயர் பெற்றது. மதிலுக்குள் அவர்களுக்கு இடமில்லை. ஊரின் பெயரில் மட்டுமே இடம் கிடைத்தது. கட்டுவனையில் அப்பெயர்கூட இல்லை. அத்திவாரங்களைக் கொண்டு இது களஞ்சியம், இது படைவீரர் தங்கிய இடம் என ஊகிக்கலாம். கல் சுமந்தவரின் குடிசைகள் ஓலையும் மண்ணுமாய் இருந்திருக்கும். அவை ஒரு மழைக்காலத்துக்கே தாங்கியிருக்கமாட்டா.

சட்டம் வகுத்த எல்லை

இது கடந்த காலத்துக் குறை மட்டுமன்று. நமது தொல்பொருட்களைக் காப்பது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம். அச்சட்டத்தின்படி, 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடம் பண்டைய நினைவுச்சின்னமாகக் கொள்ளப்படும். பிற்பட்டதாயின், அமைச்சர் தனிக் கட்டளையிட்டுப் பிரகடனம் செய்தாலன்றி அதற்குப் பாதுகாப்பில்லை. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான அந்நாள், அரச வரலாற்றில் ஓர் எல்லை என்பதில் ஐயமில்லை. ஆனால், மலையகத் தமிழரின் வரலாறு முழுவதும் அந்நாளுக்குப் பின்னரே தொடங்குகின்றது. சீதாவாக்கையும் கட்டுவனையும் கோட்டின் இப்பக்கம். எமது லயங்களும், பெரட்டுக் களங்களும், தோட்டத்து மாரியம்மன் கோயில்களும், தேயிலைச் செடிகளுக்கிடையே மறைந்துகிடக்கும் புதைகுழிகளும் கோட்டின் அப்பக்கம்.

லயங்களை அப்படியே வைத்திருக்க வேண்டும் என யான் கூறுவதாக எவரும் கொள்ளலாகாது. பத்தடிக் காம்பராவில் மூன்று தலைமுறைகள் நெருக்குண்டு வாழ்ந்த நிலை ஒழிந்து, ஒவ்வொரு குடும்பமும் சொந்தக் காணியில் சொந்த வீடு பெறல் வேண்டும். ஆனால், வீடு எழும்போது லயம் சுவடின்றி மறையுமாயின், இன்னும் நூறு ஆண்டுகளின் பின் ஒரு மாணவன் இங்கு வந்து, துரையின் பங்களாவை மட்டுமே கண்டு செல்வான். இதனை உணர்ந்த சிலர், கம்பளைக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தின் பழைய லயக் காம்பராக்களிலேயே தோட்டத் தொழிலாளருக்கான நூதனசாலை ஒன்றை அமைத்துள்ளனர். அத்தகைய முயற்சி சப்பிரகமுவையிலும் வேண்டும் என்பது என் கருத்து. இதை நான் கூறியபோது தாத்தா ஏற்கவில்லை. “லயத்த வச்சுக்கிட்டு என்னப்பா செய்ய? அதுல இருந்தவங்க பேர எழுதி வை” என்றார்.

இரண்டும் வேண்டும் என்றே இன்றும் எண்ணுகின்றேன். எனினும், அவர் கூறியதே முதலிற் செய்யக்கூடியது. அதற்கு அரசாங்கத்தின் பிரகடனமோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை. பழைய செக்ரோல் ஏடுகள் தோட்டக் காரியாலயங்களின் பரண்களிற் கறையான் வாய்ப்பட்டுக் கொண்டிருக்கின்றன. எந்தக் கங்காணியோடு எந்த ஊரிலிருந்து யார் வந்தார் என்று சொல்லக்கூடிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கும் மாணவர் ஒவ்வொருவரும், விடுமுறையில் தத்தம் லயத்து முதியோரின் பெயர்களையும் அவர்கள் செய்த வேலைகளையும் எழுதிக்கொண்டு வருவாராயின், தமிழ்ச் சங்கத்தின் அலுமாரியிலேயே ஒரு சுவடிச்சாலை உருவாகும்.

சமன் தேவாலயத்தார் தம்மை இகழ்ந்த கல்லையும் காத்து வைத்தனர். யப்பானியர் சரிந்த கற்களுக்கு இலக்கமிட்டு அடுக்குகின்றனர். நாம் காக்க வேண்டியது கல்லன்று, பெயர்கள். என் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் எமது லயத்தின் பன்னிரண்டு காம்பராக்களுக்கும் உரியவர்களின் பெயர்களை எழுதியுள்ளேன். அவற்றுள் மூன்று இன்னும் வெற்றிடமாகவே இருக்கின்றன. அடுத்த விடுமுறையில் அவற்றை நிரப்ப முயல்வேன்.